ஹெக்ஸாஃபெரைட்டில் உலோக அயனிகளை மாற்றினால் காந்தப் பண்பு ஏன் மாறுகிறது?

பேரியம், இரும்பு, ஆக்சிஜன் சேர்ந்த காந்தப் பொருளான பேரியம் ஹெக்ஸாஃபெரைட்டில் சிறிதளவு இரும்பை அகற்றி வேறு உலோகத்தைச் சேர்த்தாலே காந்தப் பண்பு பெரிதும் மாறுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்க்கப்படும் அயனி எது என்பதைவிட, அது படிகத்தில் எந்த இடத்தில் அமர்கிறது என்பதே இங்கு முதன்மையானது.

ஒரு வாய்பாட்டு அலகில் (BaFe₁₂O₁₉) உள்ள 12 இரும்பு அயனிகள் ஐந்து வகை இடங்களில் அமர்ந்துள்ளன. அவற்றில் 8 அயனிகளின் தற்சுழற்சி (அயனியைச் சிறு காந்தமாக்கும் எலக்ட்ரான் பண்பு, spin) ஒரு திசையிலும், 4 அயனிகளின் தற்சுழற்சி எதிர்த்திசையிலும் இருப்பதால், மிஞ்சும் 4 அயனிகள் தலா 5 வீதம் 20 போர் மேக்னெட்டான் (அணு அளவிலான காந்த வலிமையின் அலகு) காந்தத் திருப்புத்திறனைத் தருகின்றன. காந்தத்தன்மையற்ற துத்தநாகம் எதிர்த்திசை இடம் ஒன்றைப் பிடித்தால், கழிக்கப்படும் பங்கு குறைந்து நிகரக் காந்தமாக்கம் உயர்கிறது. வியப்பாகத் தோன்றினாலும் கணக்கு அவ்வளவுதான். அலுமினியமோ பெரும்பாலும் பெரும்பான்மைத் திசை இடங்களை நாடுவதால் காந்தமாக்கத்தைக் குறைக்கிறது, ஆனால் காந்த நீக்குத்திறனை (காந்தமாக்கத்தை நீக்கத் தேவைப்படும் எதிர்ப்புலத்தின் அளவு) கூட்டுகிறது.

கோபால்ட்–டைட்டானியம் இணை, அறுகோண அச்சை ஒட்டிய திசைச்சார்பை (காந்தமாக்கம் அந்த அச்சின் திசையிலேயே நிற்க முனையும் தன்மை) தளர்த்தி நீக்குத்திறனைக் கட்டுக்குள் கொண்டுவருவதால், காந்தப் பதிவு ஊடகங்களுக்குப் பயன்பட்டது. அதே கோபால்ட், பேரியத்திற்குப் பதில் ஸ்ட்ரான்ஷியம் உள்ள இதே வகை ஃபெரைட்டில் லாந்தனத்துடன் சேரும்போது திசைச்சார்பை வலுப்படுத்துகிறது. மோட்டார்களுக்கான உயர்தர ஃபெரைட் காந்தங்கள் இந்த வழியில்தான் தயாராகின்றன. ஆகவே, துணை அயனியைக் குறிப்பிடாமல் கோபால்ட்டின் விளைவு இன்னதென்று சொல்வது பொருந்தாது.