போகிறேன் என்பதற்கு எத்தனை வினை? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ரஷ்ய நாவல்களை மூலத்திலேயே படிக்க வேண்டும் என்ற ஆசையில் சில மாதங்களாக அந்த மொழியைப் படித்துவருகிறேன். எழுத்துகள் பிடிபட்டுவிட்டன. 'நான் பள்ளிக்குப் போகிறேன்' என்ற ஒரே வாக்கியத்தில் மாட்டிக்கொண்டேன். 'யா இதூ வ் ஷ்கோலு' என்கிறார்கள், 'யா ஹஜூ வ் ஷ்கோலு' என்றும் சொல்கிறார்கள். முதலாவது ஆங்கிலத்தின் 'ஐ ஆம் கோயிங்', இரண்டாவது 'ஐ கோ' என்று ஆசிரியர் சொன்னார். பாடப்புத்தகத்தில் பாதி இடங்களில் அந்த விதி உதைக்கிறது. தர்க்கமே இல்லாத மொழியோ என்று தோன்றுகிறது. போதாததற்கு ஆறு வேற்றுமைகள். 41 வயதில் இது எனக்கு வருமா? நல்ல புத்தகமோ செயலியோ இருந்தால் சொல்லுங்கள்.

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

41 எல்லாம் ஒரு வயதா? அதை விடுங்கள். செயலிகளைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். ஆனால் அந்தப் பள்ளிக்கூட வாக்கியத்துக்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்ச நாளாக நானும் இந்த வினைகளைத்தான் மனதுக்குள் உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். ஈரோட்டிலிருந்து மாஸ்கோ போக எதற்கு லண்டனைச் சுற்றுகிறீர்கள்? ரஷ்ய வாக்கியத்தை ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கிப் புரிந்துகொள்கிறீர்கள். உதைப்பது ரஷ்யன் இல்லை, நடுவில் உட்கார்ந்திருக்கும் 'ஐ கோ'.

இதூ, ஹஜூ இரண்டுமே நிகழ்காலம்தான். இப்போதா, வழக்கமாகவா என்பது இரண்டாவது கேள்வி. ரஷ்யன் முதலில் பார்ப்பது போகிற வழியின் வடிவத்தை. ஒரு திசையில் ஒரே போக்காகப் போனால் இதூ. போய்த் திரும்பினாலும், திசையில்லாமல் அங்குமிங்கும் போனாலும் ஹஜூ. தினமும் பள்ளிக்குப் போகிறவன் தினமும் திரும்பியும் வருகிறான், அதனால்தான் அங்கே ஹஜூ. ஒருவன் இந்த நிமிடம் அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருக்கிறான் என்று வையுங்கள். உங்கள் ஆசிரியர் விதிப்படி அது இத்தி (இதூவின் மூல வடிவம்) குடும்பத்தில் வரவேண்டும். வராது, ஹஜூவின் 'அவன்' வடிவமான 'ஹோதித்' என்றுதான் சொல்வார்கள், திசை இல்லையே. குழந்தைக்கு நடை வந்துவிட்டது என்பதற்கும் அதே ஹோதித்தான். மாறாக, 'தினமும் காலையில் எழுந்து, சாப்பிட்டு, பள்ளிக்குப் போகிறேன்' என்று வரிசையாகச் சொன்னால் அந்தப் போகிறேன் இதூ ஆகிவிடும். தினமும் நடப்பதுதான், ஆனால் சொல்லும்போது கண்முன் இருப்பது வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரையிலான ஒரு வழிப் பயணம் மட்டும். தர்க்கமே இல்லை என்றீர்களே, இதைவிடக் கறாரான தர்க்கம் எங்கே இருக்கிறது?

ஆறு வேற்றுமைக்கு அழுகிறீர்கள். ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று ஒப்பித்து எட்டு வேற்றுமையைத் தாண்டி வந்தவர்கள் நாம். 'வ் ஷ்கோலு' என்றால் பள்ளிக்கு, 'வ் ஷ்கோலே' என்றால் பள்ளியில். முன்னொட்டு ஒன்றுதான், சொல்லின் வால் மாறுகிறது. 'நான் பள்ளியில் போகிறேன்' என்று எந்தத் தமிழ்க் குழந்தையாவது சொல்லுமா? இன்னொன்றும் இருக்கிறது. நாம் ஊருக்குப் போகிறோம், ஆனால் டாக்டரிடம் போகிறோம். இடத்துக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று. ரஷ்யனிலும் அப்படியே: பள்ளிக்கு 'வ்', டாக்டருக்கு 'க் வ்ரச்சூ'. திரும்பி வரும்போதும் பள்ளியிலிருந்து 'இஸ்', டாக்டரிடமிருந்து 'அத்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'டு', ஒரே 'ஃப்ரம்'. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் மங்கலாகத்தான் தெரியும்.

தமிழன் நிஜமாகவே சறுக்கும் இடம் வேறு. நமக்கு நடந்து போனாலும் பஸ்ஸில் போனாலும் போவதுதான். அவர்களுக்கு நடைக்கு இத்தி, வண்டிக்கு யேஹத். மாஸ்கோவுக்குப் போகிறேன் என்பதற்கு 'இதூ' போட்டால் ஈரோட்டிலிருந்து நடந்தே போவதாக நினைத்துக்கொள்வார்கள். ஆனால் ரயிலில் போகிற ஆளுக்கு யேஹத் என்றாலும், அந்த ரயிலுக்கு இத்தி! மழை, கடிகாரம், தியேட்டரில் படம் எல்லாமே அங்கே இத்திதான். சிரிக்க வேண்டாம், நம் ஊரில் படமும் கடிகாரமும் ஓடுகின்றன.

இறந்தகாலம்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். 'பஷோல்' என்றால் கிளம்பிப் போயிருக்கிறான், இன்னும் வரவில்லை. 'ஹதீல்' என்றால் போய்விட்டு வந்தான். பல வருடங்களுக்கு முன் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு வீட்டில் தங்கியிருந்தேன். ரயிலுக்குக் கிளம்பும் நேரம், கோட்டை மாட்டிப் பொத்தானெல்லாம் போட்டாயிற்று, வீட்டுக்குள் ஹீட்டர் சூட்டில் கழுத்து வியர்க்கிறது. எல்லோரும் உட்காருங்கள் என்றார்கள். பயணத்துக்கு முன் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்வது அங்கே வழக்கம். வீட்டுக்காரரின் அம்மா செருப்பு மாட்டும் முக்காலியில் என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி, 'நு, பயேஹலி' என்றார். 'சரி, கிளம்பியாச்சு.' யாரும் இன்னும் எழுந்திருக்கவில்லை. அந்தம்மா ஸ்டேஷனுக்கு வரப்போவதும் இல்லை. வினையோ இறந்தகாலம், பன்மை.

1961 ஏப்ரல் 12 அன்று வஸ்தோக் கலத்தில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்த ககாரின், ராக்கெட் கிளம்பும்போது சொன்னதும் இதே பயேஹலிதான். விண்வெளிக்குப் போகிறவர் பறப்பதற்கான வினையைத் தேடவில்லை, வண்டியில் போகும் யேஹத்தே போதுமென்று விட்டுவிட்டார். பாடப்புத்தகத்தில் இதற்குத் தனி அடிக்குறிப்பு போட்டு, விதிவிலக்கு என்பார்கள். குளியலறையில் தலையில் சோப்புடன் நின்றுகொண்டு, 'இதோ வந்துட்டேன்' என்று கத்துகிற நமக்கு எதற்கு அடிக்குறிப்பு? போய்விட்டான், போயிருந்தான், போய்க்கொண்டிருந்தான், போய்த் தொலைந்தான் – இதையெல்லாம் கற்க வரும் ஒரு ரஷ்யரை நினைத்துப் பாருங்கள், கே. உங்கள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவருக்குக் கைக்குட்டை கொடுப்பீர்கள்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். கையில் இருப்பதே போதும், ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கும் ஆங்கிலத்தை மட்டும் அழித்துவிடுங்கள். அப்புறம், 'நேற்று டாக்டரிடம் போயிருந்தேன், நாளைக்கு மாஸ்கோ போகிறேன்' – இதை ரஷ்யனில் எழுதி அனுப்புங்கள். நாளைக்கு என்றவுடன் எதிர்காலத்துக்கு ஓடவேண்டாம், நம்மைப்போல அவர்களும் அங்கே நிகழ்காலத்தையே போடலாம். திருத்தி அனுப்புகிறேன்.