நிக்ரோம் கம்பி ஏன் சிவக்கிறது?

கேள்வி: தெர்மாகோல் வெட்ட, 0.4 மி.மீ. தடிமனுள்ள நிக்ரோம் (நிக்கல்-குரோமியம் கலவை) கம்பியை 30 செ.மீ. நீளத்தில் 12 வோல்ட் அடாப்டரில் இணைத்தேன். கம்பி சிவந்து தொய்கிறது, புகை வருகிறது. வேறு கம்பி வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், வோல்டேஜ்தான் அதிகம். இந்தக் கம்பி மீட்டருக்குச் சுமார் 8.7 ஓம், உங்கள் நீளத்துக்கு 2.6 ஓம். 12 வோல்ட்டில் நாலரை ஆம்பியர் பாயும். வெட்டுவதற்கு 2 ஆம்பியரே தாராளம். 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் போடுங்கள். கம்பி சிவக்கவே கூடாது. சிவந்தால் தெர்மாகோல் உருகாமல் கருகும், வெட்டும் அகன்றுவிடும்.

சூட்டில் கம்பி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ஒரு முனையில் ஸ்பிரிங் கட்டினால் தொய்யாது. மின்சாரம் ஸ்பிரிங் வழியே போகக்கூடாது, சூடேறி இளகிவிடும். நிக்ரோமில் சால்டரிங் (ஈயப் பற்று) பிடிக்காது, மின்வயரைக் கம்பியோடு திருகாணியில் இறுக்குங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பி.வி.சி. ஷீட்டை இதில் வெட்டவே வேண்டாம், அதன் புகை நுரையீரலை அரிக்கும்.