தோரண வாயிலுக்குப் பெயின்டா, தெருவுக்கு வடிகாலா?

கேள்வி: தாம்பரத்தைத் தாண்டி ஓர் ஊராட்சியில் குடியிருக்கிறோம். எங்கள் தெருவை ஒட்டிய 4 ஏக்கர் தாழ்வான நிலத்தில் 320 வீடுகள் கொண்ட அடுக்குமாடி வரப்போகிறது. கீழே பார்க்கிங், மேலே 5 மாடி. மழைக்காலத்தில் எங்கள் தெருத் தண்ணீர் அங்கேதான் வடியும். கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தும் பயனில்லை. இப்போது பில்டர் தரப்பில் ஒருவர் வந்து, கோயில் தோரண வாயிலுக்குப் பெயின்ட் அடித்து, தெருவில் நாலு கேமரா வைத்துத் தருகிறோம் என்கிறார். வாங்கிக்கொள்ளலாம் என்று பாதிப் பேர், கேஸ் போடலாம் என்று பாதிப் பேர். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

பதில்: பெயின்டுக்கும் கேமராவுக்கும் இன்னும் தலையாட்டவில்லை என்றால் நல்லது. ஆட்டியிருந்தாலும் எழுத்தில் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். சட்டப்படி வந்தே தீர வேண்டியதை பில்டரின் தயவாக நினைத்துக்கொண்டு, அதற்கு ஈடாகத் தங்கள் ஆட்சேபத்தை விட்டுக்கொடுப்பதில்தான் பல ஊர்கள் ஏமாறுகின்றன. முதலில் இந்த இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் பதிந்து ஒப்படைத்தாக வேண்டும். இந்த அளவு மனைக்குப் பணம் கட்டித் தப்பிக்க வழியில்லை. 4 ஏக்கர் என்பது சுமார் 16,190 சதுர மீட்டர். ஆக, 40 சென்ட்டுக்குச் சற்றுக் குறைவான நிலம் பொதுவுக்கு வரவேண்டும். அது எங்கே வருகிறது என்பதுதான் விஷயம். பொதுச்சாலையை ஒட்டி வந்தால் ஊருக்குப் பூங்கா. வளாகத்தின் பின்மூலைக்குப் போனால் செக்யூரிட்டியைக் கேட்டுக்கொண்டுதான் உங்கள் பிள்ளைகள் உள்ளே போக முடியும். திட்ட அனுமதி தருவதற்கு முன்பே இந்தப் பத்திரம் பதிவாகிவிடும். எனவே தகவல் உரிமைச் சட்ட மனு போட்டு வரைபட நகலை இப்போதே கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள்.

'அரசாங்கத்துக்கு ஏகப்பட்ட பணம் கட்டிவிட்டோமே' என்பார்கள். கட்டியிருப்பார்கள். ஆனால் உள்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம் மாநில நிதிக்குப் போகிறது. அது உங்கள் தெருவுக்கே திரும்பி வரும் என்ற உத்தரவாதம் எதுவும் இல்லை.

பேரம் பேசவேண்டிய பொருள் தண்ணீர்தான். நிலத்தை நாலடி உயர்த்தி மண் கொட்டிவிட்டால், இத்தனை வருடம் அங்கே நின்ற தண்ணீர் உங்கள் வாசலில் நிற்கும். 10 செ.மீ. மழை பெய்தால் அந்த 4 ஏக்கரில் மட்டும் விழுவது 16 லட்சம் லிட்டர். தாழ்வான நிலமென்றால் நீர்வளத்துறையின் தடையில்லாச் சான்று கேட்பார்கள். எவ்வளவு உயரம் நிரப்பலாம், தண்ணீரை எங்கே விடவேண்டும் என்ற நிபந்தனைகள் அதில் இருக்கும். அந்த நகலையும், சர்வே எண்ணுக்கான எஃப்.எம்.பி. ஸ்கெட்சையும் (நில அளவை வரைபடம்) அ-பதிவேட்டையும் (கிராம நிலப் பதிவேடு) பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்கெட்சில் வாய்க்கால் இருந்து தரையில் இல்லையென்றால், உங்கள் கையில் உள்ள மிக வலுவான ஆவணம் அதுவே.

வடிகால் கேட்கும்போது போக்கிடத்தையும் சேர்த்துக் கேளுங்கள். தங்கள் காம்பவுண்டு முடியும் இடம்வரை மட்டும் கட்டிவிட்டு, 'வடிகால் போட்டாயிற்று' என்பது வழக்கம். அந்த மொட்டை வடிகால் கொசு வளர்க்க மட்டுமே உதவும். எந்த ஏரியில் அல்லது ஓடையில் போய்ச் சேருகிறது, அடிமட்டம் ஒவ்வொரு இடத்திலும் என்ன உயரம், உங்கள் தெருவிலிருந்து எத்தனை இணைப்பு என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்க வேண்டும்.

கழிவுநீரும் அப்படித்தான். வீட்டுக்கு 5 பேர், தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றால் 320 வீட்டுக்கு 2,16,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி தினம் 18 நடை வரவேண்டிய அளவு அது. இதில் சுமார் 80 சதவீதம், 1.7 லட்சம் லிட்டருக்கும் மேல், கழிவுநீராகும். சுத்திகரித்தபின் கழிப்பறைக்கும் செடிக்கும் போக மிஞ்சுவது எங்கே போகும்? இதற்கு எழுத்தில் பதில் வாங்காமல் வேறு எதையும் பேசாதீர்கள்.

இந்த அளவு கட்டடத்தின் மொத்தப் பரப்பு பெரும்பாலும் 20,000 சதுர மீட்டரைத் தாண்டும். அப்படியானால் வேலை தொடங்குமுன் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியாக வேண்டும். இந்த வகைக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது என்பதால் யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள். சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்களுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பில்டரின் விண்ணப்பத்தைத் தேடி எடுத்து, உங்கள் கோரிக்கைகளைச் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்தில் நிபந்தனையாகச் சேர்க்கும்படி, அனுமதி தரும் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு எழுதுங்கள். பில்டரோடு போடும் ஒப்பந்தத்தைவிட இது பலமானது. அனுமதி நிபந்தனையாகிவிட்டால் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அதை நிறைவேற்றியது பற்றி அவர் அறிக்கை தந்தாக வேண்டும். அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயம் போக 30 நாள்தான். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை பொறுப்பார்கள். கேஸ் வேண்டும் என்கிற அந்தப் பாதிப் பேர் இந்தத் தேதியைக் குறித்துவைக்கட்டும். பேசுவதும் கேஸுக்குத் தயாராவதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. 'கூட்டத்தில் கலந்துகொள்வது திட்டத்துக்கு ஒப்புதல் ஆகாது' என்று ஒவ்வொரு கூட்டக் குறிப்பின் முதல் வரியிலும் எழுதுங்கள்.

பள்ளம் தோண்டுமுன் ஒட்டியுள்ள வீடுகளைப் படம் எடுக்கச் சொல்லுங்கள், பில்டர் செலவில், வெளி இன்ஜினியரை வைத்து. ஏற்கெனவே உள்ள விரிசலின் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைச் சிமென்ட்டால் ஒட்டித் தேதி எழுதிவையுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். 'பழைய விரிசல்தானே' என்ற பேச்சு அதோடு முடிந்தது. பில்டரின் கட்டுமானக் காப்பீட்டில் அக்கம்பக்கத்தாருக்கு ஏற்படும் சேதமும், அதிர்வாலும் மண் பிடிப்பு தளர்வதாலும் வரும் சேதமும் சேர்ந்திருக்கிறதா என்று பாலிசி நகலைப் பாருங்கள். அடிப்படைப் பாலிசியில் பின்னது இருக்காது, தனியே சேர்க்க வேண்டும்.

ஒப்பந்தம் போட ஊருக்கு ஒரு பெயர் வேண்டும். 7 பேர் சேர்ந்தால் 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் நலச்சங்கம் பதியலாம். எதிர்த்தரப்பில் உங்களைப் பார்க்க வந்தவர் கையெழுத்து போட்டால் செல்லாக்காசு. நில உரிமையாளரும் கட்டும் நிறுவனமும் வேறுவேறு என்றால் இருவரும் போட வேண்டும், நிறுவனத்தின் தீர்மான நகலோடு. 'ஏற்பாடு செய்யப்படும்', 'பரிசீலிக்கப்படும்' என்ற சொற்களை அடித்துவிட்டு மீட்டர், அகலம், தேதி எழுதுங்கள். திட்டம் பாதியில் கைமாறினால் புதியவரிடமும் கையெழுத்து வாங்கித் தரும் பொறுப்பு விற்பவருக்கே என்றொரு வரியும், வேலை மதிப்புக்கு வங்கி உத்தரவாதமும் இல்லாவிட்டால் அந்தத் தாளை நம்ப வேண்டாம். ரொக்கம் யாரும் வாங்கக் கூடாது, கோயில் கமிட்டியும் சேர்த்துத்தான். வாங்கிய மறுநாளே ஊர் இரண்டாகும்.

எது எப்போது என்பதையும் கட்டிப்போடுங்கள். படம் எடுப்பது தோண்டுமுன், வடிகால் வேலை முதல் மாடித் தளம் போடுமுன், பூங்கா வேலி போடுவது கட்டட நிறைவுச் சான்றுக்கு விண்ணப்பிக்குமுன். அந்தச் சான்று இல்லாமல் மின்சாரம், குடிநீர் இணைப்பு கிடைக்காது. அதற்குப் பிறகு உங்கள் போனை எடுக்க ஆள் இருக்காது.

கோரிக்கைகளை ஒரே பக்கத்தில் அடக்கி, அடுத்த கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 இவற்றில் எது முதலில் வருகிறதோ அது. தீர்மான எண்ணோடு நகல் வாங்கி, திட்ட அனுமதி தரும் சி.எம்.டி.ஏ.வுக்கும் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) சுற்றுச்சூழல் ஆணையத்துக்கும் பில்டருக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், ஒப்புகையோடு.