"ஜாக்கிரதையா இருக்கணும்"னு சொன்ன அக்கா சீட்டுப் பணத்த எண்ணாம வாங்குனாங்க

எந்த நாட்டு ஜனங்க ஒருத்தர ஒருத்தர் நம்புறாங்கன்னு எப்படி அளக்குறாங்க, நார்வே, டென்மார்க்லாம் 60 சதவீதத்தத் தாண்டும்போது நாம ஏன் கீழ கெடக்குறோம்னு கேட்டிருக்கீங்க. லிஸ்ட்டப் பாத்து மனசு விட்டுப்போய்க் கேக்குறீங்க போல. 2018ல விழுப்புரம் பக்கம் வீடு வீடா அந்தக் கேள்விய கேட்டவ நான்.

"பொதுவா பெரும்பாலான மனுஷங்கள நம்பலாமா, இல்ல பழகுறப்ப ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணுமா?" வேர்ல்ட் வேல்யூஸ் சர்வே 1981ல இருந்து நாடு நாடா கேக்குறது இதத்தான், நம்பலாம்னு சொன்னவங்க எத்தன சதவீதமோ அதுதான் அந்த நாட்டோட மார்க்.

ஒரு அக்கா திண்ணைல கீரை ஆய்ஞ்சிட்டே, "யாரக் கேக்குற, நம்ம ஆளுங்களையா வெளி ஆளுங்களையா?"ன்னாங்க. எங்களுக்கு விளக்கம் சொல்ல அனுமதி கிடையாது, கேள்விய அப்படியே திரும்பப் படிக்கணும். படிச்சேன். "அப்ப ஜாக்கிரதையாத்தான் இருக்கணும்." ஏதாவது சங்கத்துல இருக்கீங்களான்னதுக்கு "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா"ன்னாங்க. அப்பவே பக்கத்து வீட்டுப் பொண்ணு சீட்டுப் பணம் கொண்டாந்து குடுக்குது, எண்ணக்கூட இல்ல, வாங்கி அரிசி டிரம்முல போட்டாங்க. 20 பேர் சேந்த சீட்டு, ரசீது கெடையாது, நோட்டு ஒண்ணுதான். என் டேப்லெட்ல அந்த வீட்டுக்கு நம்பிக்கையும் இல்ல, சங்கமும் இல்ல.

உடனே கிராமத்தத் தூக்கி வெச்சுப் பேசுறேன்னு யாரும் வராதீங்க. சீட்டுல காலனில இருந்து யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டேன், பதில் வரல, கீரையப் பாத்துட்டே இருந்தாங்க. 20 பேரும் அதே தெரு. சர்வேயே பொய்னும் நான் சொல்லல. 2019ல 40 நாட்டுல 17,000க்கு மேல பர்ஸ "கண்டெடுத்தோம்"னு ஆபீஸ், பேங்க், ஹோட்டல்ல குடுத்து சோதிச்சாங்க, நம்பலாம்னு அதிகமா சொன்ன நாடுகள்ல பொதுவா அதிகமாத்தான் திரும்ப வந்துச்சு. ஆனா அந்தச் சோதனையிலயும் பர்ஸுக்குள்ள இருந்த முகவரிக்கு ஈமெயில் போட்டவங்களத்தான் திருப்பிக் குடுத்ததா எடுத்துக்கிட்டாங்க, ஈமெயில் அவ்வளவா புழங்காத ஊருக்கு அது சரியான அளவுகோலே இல்ல.

  

நீங்க அந்த ஒத்த நம்பர விடுங்க. அதே வேர்ல்ட் வேல்யூஸ் சர்வேல 2005ல ஆரம்பிச்ச சுற்றுல இருந்து குடும்பம், அக்கம்பக்கம், தெரிஞ்சவங்க, முதல் தடவ பாக்குறவங்க, வேற மதத்துக்காரங்க, வேற நாட்டுக்காரங்கன்னு தனித்தனியா கேக்குறாங்க. அக்கா என்கிட்ட கேட்டாங்களே, அதுக்கு அங்கதான் இடம் இருக்கு.