வளர்ச்சி ஹார்மோன் ரிசல்ட்: எண்ணோடு வயதையும் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. வகுப்பிலேயே அவன்தான் குள்ளம். காலையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வளர்ச்சி ஹார்மோன் 0.2 நானோகிராம் என்று வந்திருக்கிறது. ஊசி போட வேண்டியிருக்குமா?

பதில்: இந்த ஒரு எண்ணை வைத்து ஊசியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி இந்த ஹார்மோனை விட்டுவிட்டுத்தான் சுரக்கிறது. அதிகம் சுரப்பது இரவில், ஆழ்ந்து தூங்கும் முதல் சில மணி நேரத்தில். ரத்தத்தில் கலந்ததும் சுமார் 20 நிமிடத்தில் பாதியாகிவிடும். அதனால் நன்றாக வளரும் பிள்ளைக்கும் பகலில் 0.2 வரலாம். பிறந்த முதல் வாரத்தில் சர்க்கரை அடிக்கடி இறங்கும் சிசுவுக்கு மட்டும் ஒற்றை அளவு உதவும். அப்போது 5-க்குக் கீழே இருந்தால் குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

உங்கள் மகனுக்கு முதலில் தேவை அளவுகோல். செருப்பில்லாமல், குதிகால் சுவரில் படும்படி நிற்கவைத்து, 6 மாத இடைவெளியில், நாளின் அதே நேரத்தில் அளந்து எழுதுங்கள். 6 வயதிலிருந்து பருவமடையும் வரை ஆண்டுக்கு 4 செ.மீ.கூட வளரவில்லை என்றால் காரணம் தேட வேண்டும். எலும்பு வயது அறிய இடது கை எக்ஸ்ரே, தைராய்டு, சீலியாக் நோய் (கோதுமைப் புரதம் குடலுக்கு ஒத்துக்கொள்ளாத நோய்), ஐ.ஜி.எஃப்-1 (வளர்ச்சி ஹார்மோன் தூண்டி உருவாகும் பொருள்) பரிசோதனைகள் அடுத்து வரும். பெண் குழந்தையானால் குரோமோசோம் பரிசோதனையும் அவசியம்.

இவற்றில் சந்தேகம் வந்தால்தான் தூண்டல் சோதனை, அதாவது மருந்தால் ஹார்மோனைச் சுரக்கத் தூண்டி அளப்பது. இரவிலிருந்து வெறும் வயிறு. கையில் ஊசிக் குழாய் பொருத்தி முதல் ரத்தம் எடுத்துவிட்டு, குளோனிடின் மாத்திரை கொடுத்து, 30 நிமிடத்துக்கு ஒருமுறை 90 அல்லது 120 நிமிடம் வரை எடுப்பார்கள். தூக்கம் வரும், ரத்த அழுத்தம் இறங்கும். பிள்ளை படுத்தே இருக்கட்டும். அதிகபட்ச அளவு 10 நானோகிராமைத் தாண்டினால் குறைபாடு இல்லை. பல மையங்கள் 7-ஐயே எல்லையாக வைத்திருக்கின்றன. குறைபாடே இல்லாத பிள்ளைகளும் ஒரு சோதனையில் தவறுவதுண்டு. அதனால்தான் இரண்டு வெவ்வேறு மருந்துகளால் செய்து பார்க்கிறார்கள். தைராய்டு குறைவைச் சரிசெய்யாமல் செய்தால் முடிவு பொய்யாகும். உடல் பருமனும் அளவைக் குறைத்துக் காட்டும்.

கேள்வி: என் மகளுக்கு (14) ஐ.ஜி.எஃப்-1 420. எனக்கு (52) 130. அவளுக்கு அதிகமா, எனக்குக் குறைவா?

பதில்: பொதுவாக இரண்டும் அவரவர் வயதுக்குச் சரியான அளவுகள்தான். ஐ.ஜி.எஃப்-1, வளர்ச்சி ஹார்மோனின் தூண்டுதலால் பெரும்பாலும் கல்லீரலில் உருவாகிறது. நாள் முழுக்க அதிகம் மாறாது என்பதால் ஒருமுறை எடுத்தாலே நம்பலாம். 5 வயதுக்குள் இயல்பாகவே குறைவு; பருவமடையும்போது உச்சம்; பிறகு வயது ஏற ஏற இறங்கும். ஒரே வயதுடைய இருவரில் ஒருவர் பருவமடைந்து மற்றவர் அடையாமல் இருந்தால் அளவு வெகுவாக வேறுபடும். உங்கள் ரிப்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் எல்லை உங்கள் வயதுக்கானதா என்று பாருங்கள்.

சத்துக்குறைவு, கல்லீரல் நோய், தைராய்டு குறைவு, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஆகியவையும் ஐ.ஜி.எஃப்-1-ஐக் குறைக்கும். வயதால் இறங்குவது நோயல்ல. அதற்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டால் வீக்கம், மூட்டுவலி, சர்க்கரை உயர்வுதான் மிஞ்சும். பிட்யூட்டரியில் கட்டி, அறுவை, கதிர்வீச்சு, பலத்த தலைக்காயம் இருந்தவர்களுக்குத்தான் பெரியவர்களில் குறைபாட்டைத் தேடுவது நியாயம்.

கேள்வி: கணவருக்கு 45 வயது. மோதிரமும் செருப்பும் இறுகிக்கொண்டே வருகின்றன. என்ன பார்க்க வேண்டும்?

பதில்: வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரந்தால் இப்படி ஆகலாம்; தள்ளிப்போடாமல் ஐ.ஜி.எஃப்-1 பாருங்கள். வயதுக்கான எல்லையைத் தாண்டியிருந்தால், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் வரை 30 நிமிடத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். வளர்ச்சி ஹார்மோன் 1 நானோகிராமுக்குக் கீழே இறங்க வேண்டும். துல்லியமான புதிய முறைகளில் 0.4. இறங்காவிட்டால் பிட்யூட்டரிக்கு எம்.ஆர்.ஐ. சர்க்கரை நோயாளிக்கு இந்தச் சோதனை குழப்பலாம், முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இரண்டு ஆய்வகங்களில் இரண்டு விதமான எண்கள். எதை நம்புவது?

பதில்: அலகைப் பாருங்கள். ஒரு மில்லிலிட்டரில் 1 நானோகிராம் என்பது ஒரு லிட்டரில் சுமார் 3 மில்லி யூனிட். முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிட்டாலும் சில கருவிகளில் எண் தவறிவிடும். எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று ஆய்வகத்திலேயே கேளுங்கள். தொடர்ந்து கண்காணிக்கும்போது ஒரே ஆய்வகத்தில் எடுப்பது நல்லது.