மேடைக் குறிப்பில் ‘பைப்ளே’ என்று இருந்தால்

உங்கள் நாடகத்தில் அப்பாவும் மகளும் சண்டையிடும் கோப்பிக் கடைக் காட்சியின் மேடைக் குறிப்பில் ‘பைப்ளே’ (byplay) என்று இருப்பதால், மூலை மேசையில் இருக்கும் இருவருக்கும் வசனம் எழுத வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். எழுத வேண்டியதில்லை. ‘பைப்ளே’ என்பது முக்கிய உரையாடல் நடக்கும்போதே ஓரத்தில் நடக்கும் துணைச்செயல். பெரும்பாலும் அது பேச்சில்லாமல், சைகையாலும் பார்வையாலும் நடப்பது.

‘அசைட்’ என்பதோடு இதைக் குழப்பிக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன். மேடையில் இருக்கும் மற்றவர்களின் காதில் விழாததுபோல் ஒரு பாத்திரம் பார்வையாளரிடம் பேசுவதுதான் அசைட். அங்கே பேச்சு உண்டு. பைப்ளேயில் அது கட்டாயமில்லை.

அப்பாவும் மகளும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை விற்பது பற்றிச் சண்டையிடும்போது, பக்கத்து மேசைக்காரர் கோப்பியைக் கலக்குவதை நிறுத்திவிட்டு நண்பரைப் பார்க்கட்டும். அதுவே போதும். சண்டை ஊருக்கே கேட்கிறது என்பதை அந்தக் கை நின்றதே சொல்லிவிடும். எனக்கு மிகவும் பிடித்த நடிப்பு இத்தகையதுதான்; தயவுசெய்து அதை வெட்டிவிடாதீர்கள்.

சரியாக வருகிறதா என்று பார்க்க, பிரதியைப் படிக்காத ஒருவரை ஒத்திகையில் கடைசி வரிசையில் உட்கார வையுங்கள். காட்சி முடிந்ததும் மகள் கடைசியாக என்ன சொன்னாள் என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் மூலையில் அசைவு அதிகம். மகளின் முக்கிய வரி வரும்போது அந்த இருவரும் அசையாமல் இருக்கட்டும்.

அரங்கின் அளவையும் கவனியுங்கள். சிங்கப்பூரின் எஸ்பிளனேட் தியேட்டர் ஸ்டூடியோ போன்ற 220 இருக்கை அரங்கில் புருவம் உயர்வதுகூடத் தெரியும். பெரிய அரங்கில் அது எடுபடாது.

நாடக விமர்சனத்திலோ செய்தியிலோ இதே சொல் வந்தால், இருவருக்கிடையே நடக்கும் சின்னச் சீண்டல் பேச்சையும் குறிக்கலாம்.