பதில்: தங்கை கருக்கலைப்பு செய்தவள், நான் எப்படி வாக்களிப்பது?

சகோதரி, கருக்கலைப்புச் சட்டத்தைக் கடுமையாக்க வாக்களித்தால் தங்கைக்கே தண்டனை எழுதுவது போல இருக்கிறது, எதிர்த்தால் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் துரோகம் செய்வது போல இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது.

முதலில் தங்கை. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஒரு திருத்தூது மடல் வழியாக, கருக்கலைப்புப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை எல்லா அருட்பணியாளர்களுக்கும் நிரந்தரமாகக் கொடுத்துவிட்டார். மனம் வருந்தி வருகிறவருக்குக் கடவுளின் இரக்கம் எட்டாத பாவம் எதுவும் இல்லை என்றும் அதே மடலில் எழுதினார். அவளிடம் இதைச் சொன்னீர்களா? வாக்குச்சீட்டை விட இதுதான் அவசரம் என்பேன்.

அப்புறம் வாக்கு. போதனையை நான் மழுப்ப மாட்டேன்: 1995ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதிய 'வாழ்வின் நற்செய்தி' சுற்றுமடல், கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களிக்கவே கூடாது என்கிறது. ஆனால் அதே மடலின் 73ஆம் எண்ணில், இருக்கிற சட்டத்தை முழுசாக நீக்க முடியாதபோது, கருக்கலைப்புக்குத் தன் எதிர்ப்பு எல்லோருக்கும் தெரிந்த ஒரு சட்டமன்ற உறுப்பினர், தீமையைக் குறைக்கும் அரைகுறைச் சட்டத்தை ஆதரிக்கலாம் என்றும் இருக்கிறது.

சிசுவைக் காப்பதும் தாயைத் தண்டிப்பதும் ஒன்றல்ல. அதனால் சட்ட முன்வரைவை வரி வரியாகப் படியுங்கள், தண்டனை யாருக்கு, பயந்துபோய் நிற்கிற பெண்ணுக்கு மருத்துவம், பண உதவி என்று ஏதாவது இருக்கிறதா, அதை யார் கொடுப்பது என்று பாருங்கள். மனச்சான்று என்பது மனசுக்குத் தோன்றியது அல்ல, இப்படிப் படித்து, ஜெபித்து, நம்பிக்கையான ஒரு குருவிடம் பேசி உருவாக்கிக்கொள்வது. தங்கையிடமும் கேளுங்கள், அன்று அவளுக்கு என்ன கிடைத்திருந்தால் குழந்தையைப் பெற்றிருப்பாள் என்று.